பழைய 386, 486 கம்ப்யூட்டர் பெட்டி: ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி மூணு இடத்துக்காரங்க சொல்றது

பீளமேடு:
பரண்ல இருந்து இறக்குன பெட்டியை நேரா பிளக்குல சொருகிடாதீங்க. மூடியைக் கழட்டி, மதர்போர்டுல கீபோர்டு சாக்கெட் பக்கம் பாருங்க. நீல நிறத்துல உருளையா 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் கசிஞ்சு பச்சை பூத்திருக்கும். கசியறது காரமுங்க, ஆசிட் இல்ல. அதனால சோடா மாவு வேலைக்கு ஆகாது, வினிகர்தான். பேட்டரியை வெட்டி எடுத்துட்டு, வெள்ளை வினிகரை டூத் பிரஷ்ல தொட்டுத் தேய்ங்க. நுரை அடங்குனதும் பேட்டரித் தண்ணியில, அதாவது டிஸ்டில்டு வாட்டர்ல, ரெண்டு தடவை அலசணும். குழாய்த் தண்ணி வேண்டாம், உப்பு படிஞ்சுரும். கடைசியா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி ஒரு நாள் காய விடுங்க.

அப்புறம் மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்ல வெச்சு, கீபோர்டு சாக்கெட்டுல இருந்து கீபோர்டைக் கவனிக்கிற 8042 சிப் வரைக்கும் போர்டு மேல ஓடுற செம்புக் கோடு (ட்ராக்) ஒவ்வொண்ணா பாருங்க. காரம் முதல்ல தின்னுறது அந்த இடத்தைத்தான். அறுந்த ட்ராக்குக்கு ஃபேன் வைண்டிங் கடையில 36 கேஜ் எனாமல் கம்பி ஒரு முழம் கேட்டா போதும். முனையில எனாமலைச் சுரண்டாம ஈயம் பிடிக்காது. பச்சை ஏறுன பழைய ஈயத்து மேலயே பத்த வெச்சாலும் நிக்காது. சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் ஏத்தணும்.

புது பேட்டரிக்கு சிஆர்2032 பட்டன் செல் போடறீங்கன்னா, பாசிட்டிவ்ல 1என்4148 டையோடு கட்டாயம், கோடு போட்ட முனை போர்டு பக்கம். இல்லைன்னா போர்டு அதை சார்ஜ் பண்ணப் பார்க்கும், சார்ஜ் ஏத்துற செல் அது இல்ல. டையோடு கொஞ்சம் வோல்ட்டைத் தின்னுறதால சில போர்டு தேதியை மறந்துரும். அங்க அதே டையோடோட 3 பென்சில் செல் போட்ட ஹோல்டரே மேல்.

திருப்பூர்:
பவர் சப்ளையையும் பார்க்கோணும்ங்ணா. பனியன் கம்பெனியில ஓடுன பெட்டின்னா உள்ள பஞ்சு கம்பளியாட்டம் படிஞ்சிருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரல்ல பிடிச்சுக்குங்க, வேகமா சுத்துனா பேரிங் போயிரும். பின்னாடி சிவப்பு ஸ்விட்ச் இருந்தா 230ல இருக்கான்னு பாருங்க. 115ல இருந்தா முதல் நொடியிலயே வெடிச்சுரும்.

மதர்போர்டுல மாட்டாம முதல்ல சப்ளையை மட்டும், கரண்ட் 100 வாட் குண்டு பல்பு வழியா வர்ற சீரிஸ் போர்டுல குடுங்க. பல்பு ஒருக்கா மின்னி மங்குனா சரி. முழுசா எரிஞ்சுட்டே இருந்தா ஷார்ட். அடுத்தது சீரிஸ் பல்பு இல்லாம நேரா பிளக்குல குடுத்து வோல்ட் பார்க்கலாம். லோடு இல்லாம பல சப்ளை கிளம்பாது, செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுராதீங்க. 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஆளுக்கொரு 21 வாட் கார் பல்பு கட்டுங்க. சிவப்பு வயர்ல 4.75 முதல் 5.25 வரை, மஞ்சள்ல 11.4 முதல் 12.6 வரை வரோணும்.

மதர்போர்டுல 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஓம் ஒண்ணு ரெண்டுன்னு காட்டுனா, டான்டலம் கெபாசிட்டர் ஒண்ணு ஷார்ட். சப்ளையை மாட்டும்போது பி8, பி9ங்கிற ரெண்டு கனெக்டர்லயும் கறுப்பு வயர்கள் நடுவுல சேர்ந்து வரோணும். மாத்திச் சொருகுனா போர்டே போயிரும்.

ஈரோடு:
திரை வராம ஏஎம்ஐ பயாஸ் (பெட்டியைக் கிளப்புற புரோகிராம்) 8 தடவை பீப்னு கத்துனா டிஸ்பிளே கார்டு, 3 தடவைன்னா முதல் 64 கேபி ரேம். 386டிஎக்ஸ்ல 30 பின் சிம் (ரேம் பலகை) நாலு நாலாத்தான் போடணும், ஒண்ணு ஒழுங்கா உக்காராட்டியும் கத்தும். சிம்மோட பின்களை அழி ரப்பர்ல தேய்ச்சு மறுபடி சொருகுங்க.

ஹார்டு டிஸ்க் போயிருந்தா, அதோட கேபிள்ல மாட்டுற ஐடிஇ அடாப்டர்ல காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு போடலாம். பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டாருக்கு மேல, அதாவது 504 எம்பிக்கு மேல பார்க்காது. எஃப்டிஸ்க்கும் (கார்டைப் பகுதி பிரிக்கிற டாஸ் கமாண்ட்) பார்மேட்டும் அதே பெட்டியிலயே செய்யுங்க. புது மிஷின்ல பார்மேட் பண்ணுன கார்டுல ஹெட் கணக்கு வேறயா எழுதியிருக்கும், இங்க பூட் ஆகாது.

பீளமேடு:
ஃப்ளாப்பி ஹெட்டைத் துடைக்கிறவங்க மேல் ஹெட்டை அதிகம் தூக்காதீங்க. அந்த ஸ்பிரிங் மெல்லிசு, வளைஞ்சா நேராக்க முடியாது.