எஸ்-இல் முடியும் பெயர்களுக்கு அபாஸ்ட்ரஃபி எப்படிப் போடுவது?

நண்பர்களே, கணித வரலாறு பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், வேர்ட் கோப்பு, அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. பதிப்பகம் நடைக் கையேடு (எழுத்து, குறியீட்டு விதிகளின் தொகுப்பு) எதுவும் தரவில்லை.

'இன்னாருடைய' என்று உடைமை காட்டப் போடும் அபாஸ்ட்ரஃபி (Newton's என்பதில் வரும் மேற்குறி) பற்றித்தான் கேள்வி. நியூட்டன், ஆய்லர் எல்லாம் தொல்லையில்லை. பன்மையும் தெரியும்: எஸ்-இல் முடிந்தால் கடைசியில் அபாஸ்ட்ரஃபி மட்டும். மாட்டிக்கொண்டது எஸ்-இல் முடியும் ஒருமைப் பெயர்களில். காஸ் (Gauss), ஆர்க்கிமிடீஸ் (Archimedes), தேகார்த் (Descartes, இதில் கடைசி எஸ் எழுத்தில் உண்டு, வாயில் வராது!). ஆசிரியரே ஒரு பக்கத்தில் அபாஸ்ட்ரஃபியோடு எஸ்ஸும், அடுத்த பக்கத்தில் வெறும் அபாஸ்ட்ரஃபியும் போட்டிருக்கிறார்.

பார்த்தவை: அமெரிக்கப் புத்தகப் பதிப்பில் புழங்கும் சிகாகோ கையேடு மூன்றுக்குமே எஸ் சேர்க்கச் சொல்கிறது, 2010 பதிப்பிலிருந்து ஆர்க்கிமிடீஸ் மாதிரி கிரேக்கப் பெயர்களுக்கு இருந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். ஏபி செய்தி நிறுவனத்தின் கையேடு நேர் எதிர், மூன்றுக்கும் அபாஸ்ட்ரஃபி மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு வழி, உச்சரிக்கும்போது கூடுதல் எஸ் ஒலித்தால் மட்டும் எழுது என்பது. காதுக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் ஒரே பத்தியில் காஸுக்கு ஒரு விதி, ஆர்க்கிமிடீஸுக்கு ஒரு விதி என்று ஆகிவிடும். பிழைதிருத்தி இரண்டு வடிவத்தையும் ஒப்புக்கொள்கிறது, அதனால் பயனில்லை. பெயருக்கு முன் 'ஆஃப்' போட்டு மாற்றியும் பார்த்தேன்; வாக்கியங்கள் இழுவையாகிவிட்டன. ஆசிரியர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

பிரிட்டிஷ் ஆங்கிலப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: உச்சரிப்பை வைத்துப் பெயருக்குப் பெயர் மாற்றுவீர்களா, எல்லாவற்றுக்கும் எஸ் சேர்த்து ஒரே சீராக வைப்பீர்களா?