அடர்நிற முடியில் ப்ளீச் இல்லாமல் ஜிஞ்சர் நிறம் வருமா?

மழைக்குருவி:
என் முடி அடர்பழுப்பு. வீட்டுக்குள் பார்த்தால் கறுப்பு, வெயிலில் நின்றால்தான் பழுப்பு தெரியும். இடுப்பு வரை நீளம். இதுவரை எந்தச் சாயமும் போட்டதில்லை. எனக்கு ஜிஞ்சர் நிறம் வேண்டும். பர்கண்டி இல்லை, அடர்சிவப்பும் இல்லை, செம்பும் ஆரஞ்சும் கலந்த அந்த நிறம். ஆனால் ப்ளீச் வேண்டாம். தெரிந்த ஒருவருக்கு ப்ளீச் போட்டபின் முடி கொத்துக் கொத்தாக உடைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்கிற இடத்தில் எல்லாம் பாதிப் பேர் முடியும் என்கிறார்கள், பாதிப் பேர் முடியவே முடியாது என்கிறார்கள். எது உண்மை?

வெண்ணிலா:
முடியும். அடர்நிற முடியில் ப்ளீச் இல்லாமல் எதுவும் ஏறாது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைத் தேவையில்லாமல் ப்ளீச் பக்கம் தள்ளிவிட்டார்கள். நிரந்தரச் சாயத்தோடு கலக்கும் டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அது முடிக்குள் இருக்கும் மெலனின் என்ற நிறமியைக் கொஞ்சம் வெளுக்கும், கூடவே புது நிறமும் ஏறும். 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு, நிறத்தை ஒன்று அல்லது இரண்டு லெவல் தூக்கும், அதாவது அத்தனை படி வெளிராக்கும். 30 வால்யூம், 9 சதவீதம், இரண்டு மூன்று லெவல்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. அடர்முடி வெளுக்கத் தொடங்கினால் முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அதற்குப் பிறகுதான் மஞ்சள். பொன்னிறம் கேட்பவர்களுக்கு அந்த ஆரஞ்சு பெரிய தொல்லை. உங்களுக்கு வேண்டியதே அதுதான்.

கத்திரியும் சீப்பும்:
வருடக்கணக்கில் இதே தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வெண்ணிலா சொன்ன வேதியியல் சரி. முடிவு சரியில்லை.

முடி நிறத்தின் அடர்த்தியை 1 முதல் 10 வரை லெவலாகப் பிரிக்கிறோம். 1 கறுப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். ஜிஞ்சர் என்று மழைக்குருவி மனதில் வைத்திருக்கும் நிறம் 7 அல்லது 8-ல் இருக்கிறது. அவர் விவரிப்பதைப் பார்த்தால் அவர் முடி 3. எல்லாம் நன்றாக நடந்து மூன்று லெவல் தூக்கினாலும் 6-ல்தான் நிற்கும். 6-ல் கிடைப்பது அடர்செம்பு. அழகான நிறம்தான், ஆனால் அது ஜிஞ்சர் இல்லை. முடி 1 அல்லது 2-ல் இருப்பவர்களுக்கு அதுவும் கிடைக்காது, மஹோகனி என்கிற செம்பழுப்புப் பக்கம்தான் போய் நிற்கும்.

பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பல பெட்டிகளின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ சின்னச் சின்ன முடிக்கற்றைப் படங்கள் ஜோடியாக இருக்கும்: இப்போது இந்த நிறம் என்றால் போட்டபின் இந்த நிறம் என்று. உங்கள் முடிக்கு ஒத்த கற்றை அந்த வரிசையில் இல்லையென்றால் அந்தச் சாயம் உங்களுக்கானதே இல்லை.

பச்சிலை:
பெராக்சைடு எதற்கு? மருதாணி இருக்கிறதே. அதில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடும், சீக்கிரம் போகாது. முடி உடையாது, இன்னும் தடித்த மாதிரிதான் தெரியும். இயற்கையே கொடுத்த செம்பு நிறத்தை விட்டுவிட்டு அமோனியா வாசனைக்குப் பின்னால் ஓடுவது எனக்குப் புரியவே இல்லை.

கத்திரியும் சீப்பும்:
பச்சிலை, நல்ல மருதாணியை நானும் மதிக்கிறேன். ஆனால் கேள்வி ஜிஞ்சர் பற்றியது. மருதாணி எதையும் வெளுக்காது. இருக்கும் நிறத்தின் மேல் ஒளி ஊடுருவும் ஒரு சாயல்தான். கறுப்புத் துணியின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை விரித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். நரைத்த முடியில் பளிச்சென்று ஆரஞ்சு வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஆசைப்படுகிறார்கள். அடர்முடியில் வெயில் பட்டால் சிவப்பு மினுக்கு தெரியும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் நிறம் இன்னும் அடர்த்தியாகும், வெளிராது.

பச்சிலை:
அந்த மினுக்கு போதாது என்று யார் முடிவு செய்தது? முடியைப் பாழாக்காமல் கிடைக்கிற நிறமே எனக்குப் பெரிது. ஒன்றை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்: கடையில் ஹென்னா என்று விற்பதெல்லாம் மருதாணி இல்லை. பொருள்பட்டியலில் லாசோனியா இனெர்மிஸ் என்ற மருதாணியின் அறிவியல் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். உலோக உப்புகள் கலந்த பொடியைப் போட்டுவிட்டு அப்புறம் பெராக்சைடு சாயம் போட்டால் முடி சூடேறி உருகிப்போகும் அளவுக்கு ஆபத்து.

வெண்ணிலா:
மருதாணி பேச்சை அங்கேயே விடுவோம். கத்திரியும் சீப்பும், நீங்கள் 30 வால்யூமோடு நிறுத்திவிட்டீர்கள். அடர்முடிக்கென்றே ஹைலிஃப்ட் வகைச் சாயங்கள் வருகின்றன. 40 வால்யூமோடு கலந்தால் மூன்று நான்கு லெவல் தூக்கும். 3-லிருந்து 7. கணக்கு சரியாக வருகிறதே, அப்புறம் ப்ளீச் எதற்கு?

கத்திரியும் சீப்பும்:
நான் கவலைப்படுவதே இந்த இடத்தில்தான். 40 வால்யூம் என்றால் 12 சதவீதப் பெராக்சைடு, கூடவே அமோனியா. அதைத் தலைத்தோலில் வைத்தால் எரியும், சிலருக்குப் புண்ணே ஆகும். ப்ளீச் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இதைச் செய்வதில் என்ன பாதுகாப்பு? சாயத்திலும் ப்ளீச்சிலும் மெலனினை உடைப்பது அதே பெராக்சைடுதான். ப்ளீச் பொடியில் பெர்சல்ஃபேட் உப்புகள் சேர்வதால் வேகம் கூடுகிறது.

ஜிஞ்சருக்கு முடியை மஞ்சள்வரை கொண்டுபோகத் தேவையே இல்லை. 20 வால்யூமில் கலந்த ப்ளீச்சைத் தோலில் படாமல் வைத்து, ஆரஞ்சு தெரிந்ததும் கழுவிவிட்டு, மேலே செம்புச் சாயம் போட்டால் போதும். முடி உடைந்து வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் வெள்ளைப் பொன்னிறத்துக்கு ஆசைப்பட்டு, மேலே மேலே ப்ளீச் வைத்தவர்கள். பாதி வழியில் நிறுத்தியவர்கள் இல்லை.

வெண்ணிலா:
கைப்பழக்கம் உள்ளவர் நாற்காலியில் உட்காரவைத்துச் செய்தால் நீங்கள் சொல்வது நடக்கும். இங்கே கேட்பவர் வீட்டில் செய்யப்போகிறார். இடுப்பு வரை முடி. முன்பக்கம் தடவி முடிப்பதற்குள் பின்பக்கம் ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளுக்குப் போயிருக்கும். ப்ளீச் கலவை ஈரம் இருக்கும்வரை வெளுத்துக்கொண்டே இருக்கும். சாயம் அப்படி ஓடிக்கொண்டே இருக்காது. ஒரு லெவல் குறைவாக வந்தால் குடி முழுகிவிடாது. உடைந்த முடியை என்ன செய்வது? அதனால்தான் வீட்டில் செய்பவர்களிடம் ப்ளீச்சைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

கத்திரியும் சீப்பும்:
வீட்டில், தனியாக, இவ்வளவு நீளத்துக்கு ப்ளீச் வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன். 40 வால்யூமும் வேண்டாம் என்பதில் நீங்கள் என்னோடு நில்லுங்கள்.

தும்பி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் முடிக்கு ஏற்கனவே கறுப்புச் சாயம் போட்டிருக்கிறேன். இதன் மேல் செம்புச் சாயம் போடலாமா?

கத்திரியும் சீப்பும்:
தும்பி, போட்டால் வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்த முடி மட்டும் செம்பாகும், மீதி கறுப்பாகவே இருக்கும். சாயத்தைச் சாயம் வெளுக்காது. முதலில் சாயநீக்கி போட்டுப் பழைய சாயத்தை எடுக்க வேண்டும். கறுப்பு மருதாணிப் பொடி போட்டிருந்தால் சாயநீக்கியை நம்ப வேண்டாம், நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. படித்தபின் ஒன்று தெளிவானது. அடர்செம்பு எனக்குச் சம்மதம், 6-ல் நின்றாலும் பரவாயில்லை. 30 வால்யூமில் செய்யப்போகிறேன். எந்த எண் வாங்குவது? எங்கிருந்து தடவ ஆரம்பிப்பது?

கத்திரியும் சீப்பும்:
புள்ளிக்கு முன்னால் இருப்பது லெவல், பின்னால் இருப்பது சாயல். பல நிறுவனங்களில் .4 செம்பு, .3 தங்கம். சில நிறுவனங்களில் மாறும், அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். 7.44 அல்லது 7.43 போதும். 9 வாங்கினால் இன்னும் வெளிராது, வேர் மட்டும் தனியாக மின்னும்.

48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் ஒவ்வாமைச் சோதனை செய்யுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் அதன் முறை இருக்கும். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்தச் சாயம் வேண்டவே வேண்டாம். அப்புறம், கழுத்துக்கு மேலே உள்ளடுக்கில் ஒரு மெல்லிய கற்றையை எடுத்து, வேரை விட்டுவிட்டு நுனிவரை தடவி, பெட்டியில் சொன்ன நேரம் முழுவதும் வைத்துக் கழுவிக் காயவிடுங்கள். ஈரத்தில் எல்லா நிறமும் அடர்த்தியாகத்தான் தெரியும். முழுத்தலைக்குப் போடுவதை அந்தக் கற்றையைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

போடும்போது தலையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டுவிட்டு நீளத்தில் முதலில் தடவுங்கள். தலைச்சூட்டில் வேர் சீக்கிரம் வெளுக்கும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி இந்த நீளத்துக்குக் காணாது.

வெண்ணிலா:
நுனியைப் பற்றி நான் சொல்கிறேன். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளர்கிறது. இடுப்பு நீளம் என்றால் நுனி பல வருடம் வெயிலும் சீப்பும் பார்த்தது, உலர்ந்திருக்கும். சோதனைக் கற்றையில் நுனி சொரசொரப்பானால் அந்தப் பகுதிக்கு 20 வால்யூம் போதும்.

செம்பு நிறம் சீக்கிரம் மங்கும், அதற்கும் தயாராக இருங்கள். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நடுநடுவே செம்பு நிறம் ஏற்றும் கண்டிஷனர். வேர் வளர்ந்ததும் வேருக்கு மட்டும் 30 வால்யூம் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் நுனிவரை இழுத்தால் ப்ளீச் செய்கிற சேதத்தை இந்தச் சாயமே செய்துவிடும்.