லாங்போர்டு ஸ்லைடு பழக அண்ணன்மார் வேணுமா, தனியாவே போதுமா?

சுவா சூ காங் தம்பி:

வணக்கம். சிங்கப்பூர்ல தேசிய சேவை முடிச்சு நாலு மாசம் ஆகுது. சேர்த்த காசுல ஒரு லாங்போர்டு, அதாவது நீளமான ஸ்கேட்போர்டு, வாங்கினேன். கிழக்குக் கடற்கரைப் பூங்காவுல சமதரையில ஓட்டுறது, திரும்புறது எல்லாம் கைவந்துடுச்சு. இப்போ ஸ்லைடு பழகணும். சரிவுல இறங்கும்போது பலகையைக் குறுக்கே திருப்பி, சக்கரத்தை வழுக்க விட்டு வேகத்தைக் குறைப்பாங்களே, அது. மூணு வாரமா காணொளி பார்த்து, ஒரு கையைத் தரையில ஊன்றிச் செய்யிற கோல்மன் ஸ்லைடை முயற்சி பண்றேன். பலகை பாதி திரும்பினதும் அப்படியே பிடிச்சு நின்னுடுது, நான் மட்டும் முன்னால போய் விழுறேன். சக்கரம் 70 மில்லிமீட்டர் விட்டம், கெட்டித்தன்மை 78ஏ.

ஞாயிறு காலையில ஓட்டுற ரெண்டு அண்ணன்மார் "எங்களோட வா, சொல்லித் தர்றோம்"னு கூப்பிடுறாங்க. கூடப் பிறந்த அண்ணனும் ஒரு காலத்துல ஓட்டினவர்தான். அவர் "கூட்டத்தோட சேராதே, தனியா மெதுவா பழகு"ங்கிறார். ரெண்டுல எது சரி?

கையுறைக்காரி:

போங்க தம்பி, யோசிக்காதீங்க. நான் எட்டு மாசம் தனியா விழுந்தவ. முழங்காலும் இடுப்பும் மாறி மாறிக் காயம். ஒருநாள் சாயங்காலம் என்னைவிட மூத்த ஒருத்தர் பத்து நிமிஷம் நின்னு பார்த்துட்டு, "தங்கச்சி, உங்க கண்ணு கை ஊன்றுற இடத்துலயே இருக்கு. சரிவோட அடியைப் பாருங்க"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அன்னைக்கே பலகை திரும்பி, திரும்பவும் நேரா வந்துச்சு. எட்டு மாசமா எந்தக் காணொளியும் எனக்கு அதைச் சொல்லலை. ஏன்னா காணொளிக்கு என்னைத் தெரியாது.

நீங்க எழுதினதை வச்சே ரெண்டு விஷயம் சொல்றேன். 78ஏ மென்மையான சக்கரம். விளிம்பும் கூரா இருந்தா தரையை விடவே விடாது. 83ஏ, 84ஏ அளவுல, விளிம்பு உருண்ட சக்கரம் மாட்டிப் பாருங்க. அடுத்தது, பயத்துல உடம்பு பின்னங்காலுக்குப் போயிருக்கும். பின்சக்கரத்து மேல பாரத்தைப் போட்டுக்கிட்டு அதையே வழுக்கச் சொன்னா எப்படி வழுக்கும்? பாரம் முன்னங்கால்ல இருக்கணும். இதெல்லாம் பக்கத்துல நிக்கிறவர் கண்ணுக்கு ஒரே தடவையில தெரியும். பழைய ஆளுங்க பையில தேய்ஞ்ச சக்கரம் நாலு எப்பவும் கிடக்கும், இரவல் கேளுங்க. புதுச் சக்கரத்தைவிட அது சுலபமா வழுக்கும்.

தனிச்சரிவு:

நான் ஒத்துக்க மாட்டேன். உன் அண்ணன் சொல்றதுதான் சரி.

நானும் ஒரு குழுவோட போனவன்தான். நல்ல மனுஷங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். மூணாவது வாரமே பழகின சரிவை விட்டுட்டு அதைவிட மூணு மடங்கு நீளமான சரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் இறங்கினாங்க. நான் மட்டும் பலகையைக் கையில தூக்கிட்டு நடந்து இறங்க வெட்கமா இருந்துச்சு. எனக்கு அப்போ காலைத் தரையில உரசி நிறுத்துற கால் பிரேக்கூட ஒழுங்கா வராது. பாதி வழியில கார் நிறுத்துமிட வாசல்லேருந்து ஒரு வண்டி மூக்கை நீட்டுச்சு. புல்லுக்குள்ள பாய்ந்தேன். காறை எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டி வச்சிருந்தேன். அவங்க எல்லாரும் வீட்டுக்குச் சாப்பாடு வாங்கிட்டு வந்து பார்த்தாங்க. ஆனா பத்து வருஷம் ஓட்டினவங்களுக்கு முதல் மாசத்துப் பயம் மறந்துபோயிருக்கு.

வேகம் 15லேருந்து 30க்குப் போனா ரெண்டு மடங்குதான்னு நினைப்போம். நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. அந்தக் கணக்கு பழகினவன் உடம்புக்குத் தெரியும், புதுசா வர்றவனுக்குத் தெரியாது. எலும்பு கூடினப்புறம் ஒரு மாசம் கால் பிரேக் மட்டும் பழகினேன். பிறகு ஆளில்லாத ஒரு சின்னச் சரிவுல தனியா ஸ்லைடு கத்துக்கிட்டேன். யாரும் பார்க்கலைன்னா யாருக்காகவும் வேகமாப் போகத் தோணாது. 1970கள்ல கலிபோர்னியாவுல, பெர்க்லி மலைச் சாலைகள்ல கிளிஃப் கோல்மன் இந்த ஸ்லைடை உருவாக்கினப்போ அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தா?

கையுறைக்காரி:

படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு அண்ணே. ஆனா அவங்க உங்களைக் கூட்டிட்டுப் போனாங்க, கத்துத் தரலை. அதுக்காகக் கத்துத் தர்றவங்களே வேண்டாம்னு சொல்லலாமா?

கோல்மன் தோலைத் தேய்ச்சுக் கண்டுபிடிச்சதை நாம மறுபடி முதல்லேருந்து கண்டுபிடிக்கணுமா? இன்னொண்ணு, ஆளில்லாத சரிவுல தனியா விழுந்து தலையில அடிபட்டா யார் பார்ப்பா? வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு ஓட்டுறவருக்குத் தெரியாது. கீழே ஒருத்தர் நின்னு கையைத் தூக்கினாத்தான் தெரியும். அந்த ஒரு ஆளுக்காகவாவது துணை வேணும்.

யீஷூன் அம்மா:

என் மகனுக்கு 16 வயது. அவனும் இதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறான். யாரோடு பழகுவது என்று நீங்கள் பேசுகிறீர்கள். எங்கே பழகுவது என்று நான் கேட்கிறேன். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25, சாலையில் இறங்கவே கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. மவுண்ட் ஃபேபர் குன்றில் பழகலாம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். அங்கே காரும் பேருந்தும் ஏறி இறங்குகின்றன. பெரியவர்கள் நீங்களே இடத்தைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களாகப் போய் நிற்பார்கள்.

பழைய சக்கரம்:

அம்மா கேட்பது நியாயம். நான் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லித் தருகிறேன், அதனால் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லைடு பழக மலை வேண்டாம். நம் ஊரில் ஆக உயரமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், அங்கேயும் போக வேண்டியதில்லை. கெட்டியான சக்கரம் மாட்டி, நாலு உதை உதைத்து, கையை ஊன்றினால் 15, 20 கிலோமீட்டர் வேகத்திலேயே வழுக்கும். ஐம்பது மீட்டர் மிதமான சரிவு, கீழே சமதரை, பாதை அகலம், குறுக்கே வாசல் எதுவும் கூடாது. 25 வரை அனுமதி உள்ள பாதையில் இப்படி ஓர் இடத்தைத் தேடுங்கள். நடைபாதை வேண்டாம், காலையில் வயதானவர்கள் நடக்கிறார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். ஆள் வந்தால் பலகை நிற்கும், நாம்தான் வழி விட வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். மழை விட்டதும் தூங்குமூஞ்சி மரத்தின் சின்ன இலைகள் பாதை முழுக்க ஒட்டிக் கிடக்கும். அதன் மேல் சக்கரம் நாம் நினைக்காத இடத்தில் வழுக்கும். என்னோடு வருபவர்களை முதலில் கூட்டிப் பெருக்கச் சொல்வேன். முழங்கால் கவசம், ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கையுறைக்குப் பணம் இல்லையா, கெட்டியான வேலைக் கையுறையில் பிளாஸ்டிக் நறுக்குப் பலகையை வட்டமாக வெட்டி வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

தனிச்சரிவு:

உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா நான் இங்க எழுதவே மாட்டேன் அண்ணே. புதுசா வர்றவன் உங்களையும் மத்தவங்களையும் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பான்?

தம்பி, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளு: "முதல் நாள் என்ன செய்யச் சொல்வீங்க?" கால் பிரேக் போட்டுக் காட்டச் சொன்னா போ. ஒரு சரிவோட பேரைச் சொன்னா போகாதே. இதுக்கு மேல நான் இறங்கி வரமாட்டேன். ஒரு மாசம் கால் பிரேக் மட்டும்.

கையுறைக்காரி:

கேள்வி நல்ல கேள்வி. ஒரு மாசம்ங்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். ரெண்டையும் ஒரே வாரத்துல மெதுவான வேகத்துல தொடங்கலாம். ஸ்லைடு தெரிஞ்சவருக்குத்தான் எதிர்பாராம வேகம் கூடினா கீழே உட்கார்ந்து கையை ஊன்றத் தோணும். கால் பிரேக்கை மட்டும் நம்பினவர் அந்த நேரத்துல நிமிர்ந்து நின்னுடுவார், அப்புறம் பலகை ஆட ஆரம்பிச்சுடும்.

சுவா சூ காங் தம்பி:

போயிட்டு வந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருத்தர் சிரிச்சுட்டு "முதல்ல பலகையே வேண்டாம்"னார். புல்லுல கையுறையோட உட்கார வச்சு, இடது கை எங்க ஊன்றணும், வலது கை எப்போ வீசணும்னு இருபது தடவை செய்ய வச்சார். அப்புறம் கால் பிரேக். 84ஏ பழைய சக்கரம் இரவல் கொடுத்தாங்க. ஒன்பதாவது தடவை கர்ர்ர்னு ஒரு சத்தம், ஒரு முழம் நீளத்துக்குப் பலகை குறுக்கா போச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேட்குது. பத்தாவது தடவை மறுபடி விழுந்தேன்.

என் அண்ணனும் வந்தார். நான் கூப்பிடலை, அவரே சரிவுக்குக் கீழே போய் நின்னுக்கிட்டார்.

தனிச்சரிவு:

அண்ணன் நின்னாரா, நல்லது. அடுத்த ஆறு வாரமும் அதே சரிவுல இரு. வேற இடத்துக்குக் கூப்பிட்டா அன்னைக்கு ராத்திரியே இங்க எழுது.