‘உலாவிக் கைரேகை’ வேண்டாம்: மாற்றாக ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உலாவிகளின் தனியுரிமைப் பக்கத்துக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘பிங்கர்பிரிண்டிங்’ என்பதற்கு, அதாவது உலாவி தரும் சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்து வைத்து இணையதளங்கள் நம்மை அடையாளம் காண்பதற்கு, ‘கைரேகை எடுத்தல்’ என்று எழுதிவைத்திருக்கிறோம். அதை முன்மொழிந்தவன் நானே. இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். அதற்கான காரணம் எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு அறையில் கிடைத்தது.

சென்ற சனிக்கிழமை அங்கே கணக்கெழுதும் அக்கா ஒருவருக்குப் புதிய உலாவியை நிறுவிக் கொடுத்து, நம் வரைவு மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டினேன். குக்கீ பற்றிய வரிகளைத் தயக்கமின்றிக் கடந்தவர், ‘கைரேகை எடுப்பதைத் தடு’ என்ற வரியில் சுட்டியை நிறுத்திவிட்டு, “ஏனுங்க தம்பி, இதைத் தடுத்துட்டா காலைல விரல் வெச்சு அட்டென்டன்ஸ் போடறது நின்னு போயிருமுங்களா?” என்று கேட்டார். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. வேலைக்கு வந்ததும் விரல் வைக்கிறார், ரேஷன் கடையில் விரல் வைக்கிறார், கைபேசியையும் விரல் வைத்தே திறக்கிறார். சேமித்த கடவுச்சொல்லைக் காட்டுவதற்கு முன் உலாவியே கூட அந்த விரலைக் கேட்பதுண்டு. ஒரே அமைப்புகள் பக்கத்தில் உண்மையான கைரேகையும் உவமைக் கைரேகையும் அருகருகே நின்றால், எதைத் தடுக்க நினைத்து எதைத் தடுப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆங்கிலத்திலும் இந்த இரட்டைப் பொருள் உண்டுதான். அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே நாம் இறக்குமதி செய்ய வேண்டுமா?

உவமையும் சரியாகப் பொருந்தவில்லை. கைநாட்டு என்பது நம் வழக்கில் நாமாக விரலை நீட்டித் தருவது. ஒரே ஒரு குறியே ஆளைக் காட்டிவிடும். உலாவியில் நடப்பது அப்படிப்பட்டதல்ல. திரையின் அகலம், இயங்குதளம், நேர வலயம், மொழி விருப்பம் என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பமானவை. இந்திய நேரம் என்பதை வைத்து இந்நாட்டில் யாரைப் பிரித்தறிய முடியும்? ஆனால் இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது கூட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. எழுத்துருக்களையும் இவ்வாறே துழாவுகிறார்கள்: ஒரு நிரல் எழுத்துருப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, சொல்லின் அகலம் மாறுகிறதா என்று அளந்து, அந்த எழுத்துரு கணினியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும். உலாவி அதைத் தடுக்காவிட்டால், பாமினி, வானவில் என்ற தமிழ் எழுத்துருக்களை ஏற்றிவைத்திருக்கும் ஈரோட்டு அச்சகக் கணினி ஒன்று, பக்கத்துக் கடைக் கணினியிலிருந்து அங்கேயே பிரிந்து நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வரையச் சொல்லி, வரைகலை அட்டைக்கு அட்டை அதில் உண்டாகும் நுண்ணிய வேறுபாட்டைப் பார்க்கும் முறையும் உண்டு.

2010இல் எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு தன் சோதனைத் தளத்துக்கு வந்த 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 83.6 விழுக்காடு மற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் தனியுரிமையில் அக்கறையுள்ளவர்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது சிறிய எண்ணன்று.

நம் சொல் கட்டாயம் உணர்த்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குக்கீ நம் கணினியில் வைத்துவிட்டுப் போகும் பொருள். வேண்டாமென்றால் துடைத்து எறியலாம். பிங்கர்பிரிண்டிங்கோ எதையும் நம்மிடம் வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை; ஆகவே நம் பக்கத்தில் துடைப்பதற்கு எதுவும் இல்லை. மறைநிலைச் சாளரத்தைத் திறந்தாலும் வரைகலை அட்டை மாறிவிடாது. ‘தடம்’ என்று தொடங்கும் பரிந்துரைகளை இதனால்தான் ஏற்க முடியவில்லை: தடம் என்றால் நாம் விட்டுச்சென்றது, அழிக்கக்கூடியது. அதற்கும் மேலாக, எங்கள் பக்கத்தில் தடம் என்றால் வழிதான். ‘தடத்தைத் தடு’ என்றால் முள்ளை வெட்டிப் போடச் சொல்வதாகப் படும்.

நான் இப்போது முன்வைக்கும் சொல் ‘சாடை’. மாலை மங்கிய நேரத்தில் இட்டேரியில் ஒருவர் வருகிறார், முகம் தெரியவில்லை. துண்டு போட்டிருக்கும் விதம், இடது காலைச் சற்றே இழுத்து வைக்கும் நடை, கையிலிருக்கும் தூக்குப்போசி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இன்னார் என்று திண்ணையில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். யாரும் பெயர் கேட்கவில்லை, வருகிறவரும் சொல்லவில்லை. இதைவிடச் சரியான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

சொல் கிளைக்கவும் செய்கிறது: சாடையறிதல், சாடையறி நிரல், சாடை மறைப்பு. உலாவியைத் தேர்ந்தெடுப்பவருக்கு வேறுபாடுகளை விளக்கவும் உதவுகிறது. டோர் உலாவி தன் பயனர் எல்லாரையும் ஒரே சாடையில் காட்ட முயல்கிறது. சாளரத்தின் உள்ளளவைக் கூட, அகலத்தில் 200, உயரத்தில் 100 பிக்சல் என்ற படிகளில்தான் தளங்களுக்குச் சொல்கிறது. பிரேவ் உலாவி, தளத்துக்குத் தளம் சாடையைச் சற்றே மாற்றிக் காட்டுகிறது. பயர்பாக்ஸ் 2020 ஜனவரி முதல், அறியப்பட்ட சாடையறி நிரல்களை இயல்பாகவே தடுக்கிறது. இங்கெல்லாம் ‘கைரேகையை மாற்றிக் காட்டுதல்’ என்று எழுதினால், பத்திரப் பதிவு மோசடியைப் பற்றிய செய்தி போலல்லவா இருக்கும்?

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். மொழி விருப்பத்தில் தமிழை முதலில் வைப்பதும் சாடையின் ஒரு கூறுதான். அப்படி வைத்திருப்பவர் குறைவு என்பதால் நாம் எளிதாகத் தனித்துத் தெரிவோம். தமிழில் உலாவச் சொல்லி ஊரெல்லாம் கேட்டுக்கொள்ளும் நாம், உதவிப் பக்கத்தில் இதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அன்புடன்,
காங்கேயத்திலிருந்து

•

தம்பிக்கு வாழ்த்துகள்.

கைரேகையைக் கைவிட்டது நல்லது. ஆனால் சாடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாடை பேசுவது, அதாவது குத்திக்காட்டுவது. அடுத்தது, பிள்ளைக்கு அப்பன் சாடை. இரண்டுமே நீங்கள் சொல்லும் பொருளல்ல. சாடை என்பது ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவது, உங்களுக்கு வேண்டியதோ ஒருவரைத் தனியே பிரித்தெடுப்பது.

காங்கேயத்தில் இருந்துகொண்டு ‘சுழி’யை எப்படி மறந்தீர்கள்? மாடு வாங்கப் போகிறவர் அதை வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. சுற்றி வந்து, மயிர்ச்சுழி எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தே இது எந்த மாடு என்று வைத்துக்கொள்கிறார். மாட்டின் சம்மதமும் தேவையில்லை. பள்ளியில் எழுதிக்கொள்ளும் ‘அங்க அடையாளம்’ என்பதும் கூடப் பொருந்தும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

•

அய்யாவுக்கு வணக்கம்.

சுழியைப் படித்ததும் மனம் அதன் பக்கமே சாய்ந்தது. இரண்டு நாள் யோசித்தபின் விலகினேன். சுழி பிறப்பில் விழுவது, சாகும்வரை மாறாதது. உலாவியிலோ ஓர் எழுத்துருவை நீக்கினாலே விவரம் மாறிவிடுகிறது. உலாவியையே மாற்றினால் பெருமளவு மாறுகிறது. மாற்ற முடியாது என்று படிக்கிறவர் நினைத்துவிட்டால், அமைப்புகள் பக்கத்தில் அவருக்கு என்ன வேலை? தவிரவும் பூச்சியத்துக்கும் தலையெழுத்துக்கும் அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். ‘அங்க அடையாளம்’ மறுபடியும் உடம்புக்கே இழுத்துப் போகிறது; கணக்கெழுதும் அக்கா அதே கேள்வியை மீண்டும் கேட்பார்.

ஒப்பிடுதல் பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இங்கும் நடப்பது ஒப்பீடுதான். நேற்று வந்த உலாவியின் சாடையும் இன்று வந்ததன் சாடையும் ஒன்றா என்று பார்த்துத்தான் ஒரே ஆள் என்று முடிவு கட்டுகிறார்கள். குத்திக்காட்டும் பொருளைப் பொறுத்தவரை, ‘சாடையாக’, ‘சாடை பேசு’ என்ற வடிவங்களை நாம் எங்கும் கையாளாமல் இருந்தால் போதுமென்று நினைக்கிறேன்.

பட்டியலில் ‘உலாவிச் சாடை’, ‘சாடையறிதல்’ இரண்டையும் சேர்த்து, கைரேகையை அடித்துவிட்டிருக்கிறேன். பொத்தானுக்கான வரி ‘சாடையறிதலைத் தடு’. வரும் சனிக்கிழமை அதே கணக்கு அறைக்குப் போகிறேன். அக்கா அந்த வரியில் சுட்டியை நிறுத்துகிறாரா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.