ஆச்சிக்கு நினைவு ஆராதனை: என்ன பேச?

கேள்வி: போன மாசம் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சுட்டா. ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். சனிக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை, பேரன் நான்தான் பேசணும். தினமும் உலை வைக்குமுன்ன ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில போடுவா. ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போகும். எங்களுக்குக் கஞ்சிக்கே இழுபறியான நாளிலயும் அந்தப் பிடி குறையாது. பைபிள்ல 119-ஆம் சங்கீதம், 176 வசனமும் மனப்பாடம். சாகுற வாரம்கூட எனக்கு ஒப்பிச்சா. இது போதுமா?

பதில்: தம்பி, பானையைச் சொல்லுங்க. எங்க அம்மாவும் கைப்பிடி அரிசி எடுத்தவங்கதான். படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு.

பதில்: அந்தச் சங்கீதத்துல அவங்களுக்குப் பிடிச்ச பகுதியை நீங்களே வாசிங்க. பானை இப்போ எங்க?

கேட்டவர்: அடுக்களையிலதான் இருக்கு அண்ணன். நேத்து திறந்து பார்த்தேன், பாதி அரிசி. இன்னைக்குக் காலையில அம்மா ஒரு பிடி போட்டா.