குரல் மாதிரியிலிருந்து இதமான முதன்மை ஒலி: வழிகாட்டல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். என் தங்கை பாடிய நான்கு விநாடி நீளமுள்ள ஓர் ஆகாரத்தை ('ஆ' என்ற நீட்டொலி), பதிவான ஒலியை வெவ்வேறு சுருதிகளில் வாசிக்க உதவும் சாம்ப்ளரில் ஏற்றி, அதையே பாடலின் முதன்மை மெட்டை வாசிக்கும் கருவியாக்க முயன்று வருகிறேன். 220 ஹெர்ட்ஸில் பதிவான அக்குரல் அதே சுருதியில் மிக அழகாக இருக்கிறது. பாடத் தொடங்குமுன் அவள் எடுக்கும் மெல்லிய மூச்சுகூடக் கேட்கிறது. ஆனால், ஏழெட்டு அரைச்சுரங்கள் மேலே சென்றதும், சுருதியோடு ஃபார்மன்ட்களும் (குரலின் தன்மையைத் தரும் ஒத்ததிர்வுகள்) சேர்ந்து உயர்வதால், குழந்தை கீச்சிடுவது போலாகிவிடுகிறது. ஃபார்மன்ட்டை மட்டும் கீழிறக்கினால் குரலின் வயது திரும்புகிறது, மூச்சோ உலோக ஓசையாகிவிடுகிறது. அந்த மூச்சை இழக்க எனக்கு மனமே இல்லை.

இதம் வேண்டி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் லோ-பாஸ் ஃபில்டரால் மழுக்கி, சிறிது டேப் சாச்சுரேஷன் (ஒலிநாடாப் பதிவு தரும் மெல்லிய சிதைவு) சேர்த்து, 4 விநாடி ரிவெர்பும் (அறை முழக்கம்), அது தொடங்குமுன் 40 மில்லிவிநாடி இடைவெளியாக ப்ரீ-டிலேயும் வைத்திருக்கிறேன். தனியாகக் கேட்கும்போது மிதந்து வரும் குரல், பேஸும், பின்னணியில் நீண்டொலிக்கும் பேடும் சேர்ந்தவுடன் அமிழ்ந்துவிடுகிறது. ரிவெர்பில் மட்டும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதில் கலங்கல் சற்றுக் குறைந்தது. இருப்பினும் வேகமான சுரங்கள் ஒன்றோடொன்று குழைகின்றன.

மூன்று அரைச்சுரங்களுக்கு ஒன்றாக மீண்டும் பாட வைத்துப் பதிவுசெய்வதே சரியான வழியா? மூச்சைத் தனி அடுக்காகப் பிரித்து, சுருதி மாற்றாமல் ஒலிக்கவிட்டால் இயல்பாகப் பொருந்துமா? குரல் ஒலிக்கும்போது ரிவெர்பை மட்டும் சைட்செயின் கம்ப்ரசரால் (ஓர் ஒலி வரும்போது மற்றொன்றின் அளவைக் குறைக்கும் கருவி) தாழ்த்திப் பழகியவர்கள், எவ்வளவு டெசிபல் குறைப்பீர்கள், ரிலீஸ் நேரத்தை (தாழ்ந்த ஒலி பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) எப்படி அமைப்பீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.