துப்பாக்கி சைலன்சருக்கு வரி பூஜ்யம் ஆகிவிட்டது. பதிவும் போக வேண்டுமா?

பாரி:
அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் துப்பாக்கி ஓசையைக் குறைக்கும் சைலன்சர், குட்டை பேரல் ரைஃபிள், குட்டை ஷாட்கன் மூன்றுக்கும் 200 டாலர் வரி கிடையாது. 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டம் விதித்த வரி அது. ஆனால் பதிவு அப்படியே நிற்கிறது. ஃபார்ம் 4 என்ற கைமாற்ற விண்ணப்பத்தை நிரப்பி, கைரேகையும் போட்டோவும் கொடுத்து, உள்ளூர் போலீஸ் தலைமைக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப்பின் ஒப்புதல் வரும்வரை பொருள் டீலரிடமே இருக்கும். காதைக் காப்பாற்றும் ஒரு குழாய்க்கு இவ்வளவா? 5.56 மி.மீ. ரைஃபிள் வெடித்தால் 160 டெசிபலுக்கு மேல். 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில் கேட்கும் திறன் போகலாம். நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் வரை இறக்கும். பதிவையும் எடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.

நிலவன்:
கணக்கு சரிதான், பாரி. ஆனால் 165-இல் 30 போனாலும் 135 மிஞ்சுகிறது. அதற்கும் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும். குண்டு ஒலியை விட வேகமாகப் போவதால் எழும் வெடிப்பை எந்தக் குழாயும் அடக்காது. அதனால் "ஓசையே வராது, கொலைகாரன் தப்பிவிடுவான்" என்று நானும் சொல்லப்போவதில்லை. என் கேள்வி வேறு: பதிவு போனபின் இது யார் யார் கைக்குப் போகும்?

பாரி:
2019-இல் வர்ஜீனியா பீச்சில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவன் சைலன்சரைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். பதிவு என்ன தடுத்தது? நார்வே, பின்லாந்தில் வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாக மாட்டிக்கொண்டு போகிறார்கள். நியூசிலாந்தில் தனி அனுமதியே வேண்டாம்.

தாமரை:
அந்த நாடுகளைச் சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறீர்கள். அங்கே துப்பாக்கி வைத்திருக்கவே முதலில் லைசென்ஸ் வேண்டும், ஆளைத் துருவித்தான் கொடுப்பார்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் அந்த முதல் வாசலே இல்லை. பதிவை நீக்கி, சாதாரணத் துப்பாக்கி போல டீலர் கடையில் பின்னணிச் சோதனை போதும் என்று வைத்தால் முதல் விற்பனைக்குச் சோதனை நடக்கும். ஒரே மாநிலத்து இரண்டு தனிநபர்கள் கைமாற்றிக்கொண்டால்? பல மாநிலங்களில் எந்தச் சோதனையும் இல்லை. இன்று அந்தக் கைமாற்றத்துக்கும் ஃபார்ம் 4 கட்டாயம். பதிவு இல்லாத பொருளோடு பிடிபட்டால் 10 வருடம் வரை சிறை. உங்கள் வாதம் நிற்க வேண்டுமானால் இரண்டாம்கை விற்பனைக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பாரி:
நியாயமான கேள்வி. இரண்டாம்கை விற்பனையும் டீலர் வழியாக, சோதனையோடு நடக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மத்தியப் பதிவேடு ஏன்? குட்டை ரைஃபிளைப் பாருங்கள். 1934 மசோதாவில் முதலில் கைத்துப்பாக்கியும் இருந்தது. ரைஃபிளை அறுத்து அந்த விதியை ஏய்க்கக் கூடாது என்றுதான் பேரல் நீள வரம்பைச் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள், வரம்பு மட்டும் தங்கிவிட்டது. இன்று ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்கு அரை அங்குலம் குறைந்து, பதிவும் இல்லையென்றால் குற்றம். அதைவிடச் சிறிய கைத்துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கிறது. பதிவு செய்த குட்டை ரைஃபிளை மாநிலம் தாண்டி எடுத்துப்போக முன்கூட்டியே ஏடிஎஃப் அனுமதி வேண்டும், சைலன்சருக்கு வேண்டாம். இதில் என்ன ஒழுங்கு?

நிலவன்:
குட்டை ரைஃபிள் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அந்த வரம்புக்குக் காரணம் 1934-லேயே போய்விட்டது. சைலன்சரில் நிற்கமாட்டேன். பதிவை நீக்கும் பிரிவு 2025 ஜூனில் செனட்டில் விழுந்தது. வரவு செலவு மசோதாவில் அதற்கு இடமில்லை என்று செனட்டின் விதி ஆலோசகர் சொன்னதால்தான் வரி மட்டும் பூஜ்யமாயிற்று.

பாரி:
அங்கேதான் சட்டச் சிக்கலே. 1937-இல் உச்ச நீதிமன்றம் இந்த 1934 சட்டத்தைக் காப்பாற்றியது அது ஒரு வரி என்பதால். வரியே இல்லையென்றால் பதிவு எதன்மேல் நிற்கிறது? வழக்குகள் போடப்பட்டுவிட்டன.

தாமரை:
டீலர்களும் தயாரிப்பாளர்களும் வருடா வருடம் கட்டும் தொழில் வரி இன்னும் இருக்கிறது, மெஷின் கன்னுக்கு 200 டாலரும் இருக்கிறது. அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பதிவு நீதிமன்றத்தில் செத்தால் நீங்கள் இப்போது ஒப்புக்கொண்ட இரண்டாம்கைச் சோதனை தானாக வராது. அதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட வேண்டும். அந்தச் சட்டம் வரும்வரை பதிவை விட்டுவையுங்கள் என்பதுதான் நான் கேட்பது.